செட்டிநாட்டு வீடுகள்: விருந்தாளிக்குத் திறந்த கதவு

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில், செஞ்சையில் இருக்கிறது ‘தி பங்களா’. செட்டிநாட்டு வீடு என்றதும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் முகப்பும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீளமும்தான் நம் மனத்தில் வரும். அந்த எண்ணத்தோடு இங்கே வந்து இறங்குகிறவருக்கு முதலில் சின்ன ஏமாற்றம்தான். தோட்டத்துக்கு நடுவே அடக்கமான ஒரு கட்டடம், அகலமான தாழ்வாரம், நாற்காலிகள், சாப்பாட்டு நேரத்தில் வாழையிலை விரித்த நீண்ட மேசை. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் இன்று செட்டிநாட்டில் பழைய வீடொன்றில் இரவு தங்கி எழ முடிகிறதென்றால், அதற்கு வழிகாட்டியது இந்தக் கட்டடம்தான். சுற்றுவட்டாரத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய மாளிகைகள் பூட்டிக் கிடக்கும்போது இது மட்டும் எப்படி முந்திக்கொண்டது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்.எஸ்.எம்.எம். விலாசக் குடும்பத்தார் இதைக் கட்டினார்கள். குடியிருக்கக் கட்டியதல்ல. ஆண்கள் மாலையில் கூடிப் பேசவும், நண்பர்களை அழைத்து உபசரிக்கவும் ஒரு மன்றம்போல வைத்துக்கொண்ட இடம். திருமணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு, பிள்ளையார் நோன்பு எல்லாம் பெரிய வீட்டில். வெளி மனிதர்களோடு கலந்து உட்காருவது இங்கே. காலம் போகப்போக மன்றம் ஓய்ந்தது. 1990-களின் இறுதியில் அந்தக் குடும்பத்தின் மீனாட்சி மெய்யப்பன் இதைச் சீர்செய்து, பணம் கொடுத்துத் தங்கும் விருந்தினர் விடுதியாகத் திறந்தார். சுற்றுலா வரைபடத்தில் காரைக்குடி என்ற பெயரே அப்போது பெரிதாகக் கிடையாது. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே வண்டி நிறுத்தாமல் கடந்துபோகும் ஊர் அது.

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் சமூகத்தில், வசதியான குடும்பத்து ஆச்சி ஒருவர் அந்நியரிடம் வாடகை வாங்கிக்கொண்டு சோறு போடுவதா என்று எத்தனை வாய்கள் முணுமுணுத்திருக்கும் என்பதை யூகிக்கச் சிரமமில்லை. ஆனாலும் கதவு திறந்தது, திறந்தே இருந்தது. பங்களா முந்திக்கொண்டதற்கு முதல் காரணம் மீனாட்சி மெய்யப்பனின் துணிவு. இரண்டாவது காரணம், இது ‘பெரிய வீடு’ அல்ல என்பது. இந்த இரண்டாவது காரணம் வெளியில் தெரிவதில்லை. ஆனால் செட்டிநாட்டின் இன்றைய சிக்கல் முழுவதும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

பெரிய வீடு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இது விளங்கும். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு. இருபுறமும் திண்ணை. கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து தொழில் பார்த்ததும், வந்தவர்களோடு வட்டிக் கணக்குப் பேசியதும் அங்கேதான். வெளியாளுக்கு எல்லை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பர்மாத் தேக்கில் இழைத்து இழைத்துச் செதுக்கிய நிலையைத் தாண்டினால் வளவு. வானத்துக்குத் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின் தெருவுக்குத் திறக்கும் வாசல். முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாக, கடைசி வாசலின் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும்.

வளவைச் சுற்றியிருக்கும் அந்த அறைகளில்தான் வீட்டின் அரசியல் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. மகனுக்குத் திருமணமானதும் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’ ஆகிறது. அவர்களுக்கென்று அறை ஒதுக்கப்படும். மனைவி கொண்டுவந்த சீர் சாமான், பித்தளை, வெள்ளி, எனாமல் அடுக்குகள் எல்லாம் அந்த அறைக்குள் போகும். பிறகு ‘வேறு வைப்பார்கள்’. ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் செலவு, தனிக் கணக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே முற்றத்தில் புழங்கினாலும் உலை தனித்தனி. கூட்டுக் குடும்பத்தின் பாதுகாப்பும் தனிக் குடும்பத்தின் சுதந்திரமும் ஒருசேரக் கிடைக்க இப்படியோர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் நகரத்தார். கடல் கடந்த கணவர் திரும்பிவர மூன்று ஆண்டுகள் ஆகும் காலத்தில் பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி வாழ்ந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று பரவிய வட்டித் தொழிலில் பர்மாதான் தலையானது. ஐராவதிப் படுகையின் நெல் விளைச்சலுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930-களில் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை படுத்தபோது, கடனைத் திருப்ப முடியாத உழவரின் நிலம் அடமானத்தில் மூழ்கி இவர்கள் கைக்கு வந்தது. 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார் வசம். வளவில் நிற்கும் தேக்குத் தூண் அழகுதான். அந்த அழகுக்கு ஒரு பர்மிய உழவர் குடும்பமும் விலை கொடுத்திருக்கிறது. இந்த வீடுகளின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்த வரியை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது என் கருத்து.

அந்த நிலம் நெடுநாள் கையில் நிற்கவும் இல்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் ஓடிவந்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்து. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1960-களில் இராணுவ அரசு மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டது. செட்டிநாட்டில் வீடு கட்டும் வேலை ஏறக்குறைய 1940-களோடு நின்றுபோனதற்கு வேறு விளக்கம் வேண்டாம். பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும், பிறகு கடல் தாண்டியும் போனார்கள். வீடு மட்டும் ஊரில் தங்கியது.

ஒருவர் கட்டிய வீடு. அவருக்கு மூன்று மகன்கள். அவர்களுக்கு மும்மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் நான்காம் தலைமுறையில் 27 பேர். தகப்பன் வழிப் பங்காளிகளை மட்டுமே எண்ணிய பழைய கணக்கு இது. 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்திப் பெண் பிள்ளைகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்றாக்கின. அது நியாயம். வெகு காலம் தாமதித்து வந்த நியாயம். கூடவே கையெழுத்துப் போடவேண்டியவர்களின் எண்ணிக்கையும் கூடியது. ஒரு பங்காளி சிங்கப்பூரில், ஒருவர் நியூஜெர்சியில், ஒருவர் முகவரியே தெரியாமல். கூரை ஓடு மாற்ற எல்லோரும் பணம் போடவேண்டும். ஒருவர் ‘பார்க்கலாம்’ என்றால் போதும், வேலை நின்றுவிடும். அடுத்த ஐப்பசி மழைக்கு நீர் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் இற்றால் மேங்கோப்பு இறங்கும்.

செட்டிநாட்டு வீடு பணமில்லாமல் இடிகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். வீடுள்ள பல குடும்பங்களுக்கு இன்றும் வசதி உண்டு. ஆண்டுக்கொரு முறை படைப்புக்கும் திருமணத்துக்கும் வரும்போது சில நாளில் லட்சங்களைச் செலவழிக்கிறார்கள். இல்லாதது பணமல்ல. ‘நான் பார்த்துக்கொள்கிறேன், கதவைத் திறந்துவிடுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒரே ஓர் ஆள். எல்லோருக்கும் சம உரிமை என்ற அதே நேர்மையான விதிதான் அன்று வீட்டை நிறைத்தது. இன்று பூட்டி வைத்திருக்கிறது.

பூட்டிய வீட்டின் அடுத்த கட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாம். பழம்பொருள் கடைகள். முழு நிலைக்கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா அச்சுப் படம், ஸ்வீடன் எனாமல் தூக்குச் சட்டி, யாரோ ஒரு ஆச்சியின் பெயர் வெட்டிய பித்தளைக் குடம். கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்க முடிவெடுத்தது வீட்டுக்காரர்கள். பிரிக்க முடியாத வீட்டைப் பிரித்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த வழி, இடித்துத் துண்டுகளாக்குவதுதான். தூணுக்கு விலை உண்டு, மரத்துக்கு விலை உண்டு, பணமாக்கிவிட்டால் 27 ஆகப் பங்கிடலாம். இந்த வழியில் போன வீடுகளில் ஒன்று மட்டும் நல்ல கதியடைந்தது என்று சொல்லலாம்: சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வீடொன்றின் பாகங்களைக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் பங்களாவைத் திரும்பிப் பார்த்தால், அது முந்திக்கொண்டதன் காரணம் விளங்கும். அது வளவு வீடல்ல. அங்கே படைப்பு நடப்பதில்லை, புள்ளிகளுக்கு அறை ஒதுக்கவில்லை. குடும்பம் வைத்திருந்த ஒரு கட்டடம், அவ்வளவே. கன்னடத்துக்காரரோ கனடாக்காரரோ வந்து படுத்தால் எந்த முன்னோரும் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிவெடுக்கவேண்டியவர்கள் சிலர், அவர்களில் முன்னின்று செய்ய ஒருவர் இருந்தார்.

கானாடுகாத்தானில் இருக்கும் ‘விசாலம்’ இதே கதையை வேறு விதமாகச் சொல்கிறது. கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு அது. மகனுக்கு வீடு கட்டுவதே வழக்கமாக இருந்த ஊரில் மகளுக்கென்று ஒரு மாளிகை. கடைசித் தலைமுறைக் கட்டட பாணி, நேர்கோடும் வளைவும் கலந்த 1930-களின் நாகரிகம். கொச்சியைச் சேர்ந்த சி.ஜி.எச். எர்த் நிறுவனம் அதை எடுத்து விடுதியாக நடத்துகிறது. மகளுக்குப் போன வீடு என்பதால் அது பங்காளிகளின் வரிசைக்குள் சிக்கவில்லை. முதலில் திறந்த கதவுகளில் ஒன்று விருந்தினர் மன்றம், இன்னொன்று பெண்ணின் வீடு. தற்செயல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

மற்றவை வெவ்வேறு வழியில் வந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் கோட்டைக்குப் பக்கத்தில், டி.கடியாபட்டியிலுள்ள ‘சிதம்பர விலாஸ்’ ஒரு ஹோட்டல் குழுமத்தின் கையில் சீரடைந்தது. கொத்தமங்கலத்தின் ‘சாரதா விலாஸ்’ வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் எடுத்து, சுண்ணாம்பும் மரமும் அறிந்த உள்ளூர்க் கைவினைஞரைக் கொண்டு செப்பனிட்டு விடுதியாக்கினார்கள். செட்டிநாட்டின் ஊரமைப்பையும் வீடுகளையும் ஆவணப்படுத்தும் பணியிலும் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. நம் வீட்டின் அருமையைச் சொல்லப் பாரிஸிலிருந்து ஆள் வரவேண்டியிருந்ததே என்று வருந்துவோர் உண்டு. வந்தார்களே என்று நான் மகிழ்கிறேன். கானாடுகாத்தானின் ‘செட்டிநாடு மேன்ஷன்’ இவற்றில் தனி ரகம். நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட அந்தப் பெருவீட்டில் குடும்பமே இருந்து விருந்தினரை ஏற்கிறது. வளவு வீடும் திறக்க முடியும், குடும்பம் ஒத்துக்கொண்டால், என்பதற்கு அது சாட்சி.

வீட்டை விடுதியாக்குவது கதவைத் திறந்து மெத்தை போடும் வேலையல்ல. பழைய வீடுகளில் அறையோடு ஒட்டிய குளியலறை கிடையாது. கழிப்பிடம் கொல்லையின் கடைசியில். பகலெல்லாம் முற்றத்திலும் பட்டாலையிலும் கழியும், அறை சாமான் வைக்கவும் இரவில் ஒதுங்கவும்தான். அப்படிப்பட்ட அறைக்குள் குழாய் கொண்டுபோவது கத்திமேல் நடப்பது. செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பல அடுக்காகப் போட்டுக் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. நூறாண்டுக்குப் பிறகும் கை வைத்தால் பளிங்குபோல் குளிரும். அதன்மேல் சிமென்ட் பூசினால் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளே தங்கும், பூச்சு உப்பிப் பெயரும். அவசரத்தில் சிமென்ட்டும் எமல்ஷன் பெயின்ட்டும் அடித்துக் கெடுத்த வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நல்ல விடுதிகள் குழாயைச் சுவருக்குள் புதைக்காமல், சில அறைகளையே குளியலறையாக்கி, தளத்துக்கு அடியில் பழைய நீர்வழியைப் பின்பற்றிப் போயின.

அந்த நீர்வழி ஒரு தனிப் பெருமை. சரிந்த ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். செப்புத் தகடு வழியே அண்டாவில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் தரைக்கடியில் ஓடித் தெருக் கால்வாயில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். ஊரே அப்படிச் சாய்வு பார்த்துப் போட்ட கட்டம். மழை குறைந்த வறண்ட மண்ணில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களை இப்படி அமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்துக்காகவும்தான், 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோ உலக மரபிடங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் பெயர் ஏறியதால் ஓர் ஓடுகூட மாறவில்லை என்பது வேறு விஷயம்.

விடுதிகள் வந்ததால் உயிர் பிழைத்தவை வீடுகள் மட்டுமல்ல. ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, கண்ணறை கண்ணறையாகச் சாயச் சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, நீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்தித் தரைக் கற்களை எடுக்கிறார்கள். சூளை இல்லை, மின்சார எந்திரம் இல்லை. கண்ணாடியைக் கழற்றும்போது கல்லின் முகம் தானாகப் பளபளக்கும். நடக்க நடக்க அந்தப் பளபளப்புக் கூடும், பூட்டிய வீட்டில் மங்கும். சீர் வரிசையில் வைக்கும் பனையோலைக் கொட்டான்கள் மறைந்துபோகும் நிலையில் இருந்தன. விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை அந்தப் பின்னலைப் பெண்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்து வருமானம் தரும் தொழிலாக்கியது. மீனாட்சி மெய்யப்பனும் விசாலாட்சி ராமசாமியும் சென்னை வரலாற்றாளர் எஸ்.முத்தையாவுடன் சேர்ந்து 2000-இல் ‘தி செட்டியார் ஹெரிட்டேஜ்’ நூலைக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் கட்டிய வீடுகளைக் காப்பாற்றும் வேலையில் பெண்களின் பெயரே திரும்பத் திரும்ப வருவதை நாம் கவனிக்கவேண்டும்.

பிறகு, சாப்பாடு. ஊரூராக ‘செட்டிநாடு ஹோட்டல்’ பலகை மாட்டி மிளகாயை அள்ளிக் கொட்டுவதற்கும் இந்த ஊர் அடுப்படிக்கும் சம்பந்தமில்லை. கல்பாசியும் மராட்டி மொக்கும் அளவறிந்து விழும் குழம்பு, பர்மாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீப்புச் சீடை, மணகோலம். பங்களாவின் பேரே முதலில் இந்த மேசையால்தான் பரவியது. அறை எடுக்காதவர்கள்கூட முன்கூட்டிச் சொல்லிவைத்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மீனாட்சி மெய்யப்பன் சுமீத் நாயரோடு சேர்ந்து எழுதிய ‘தி பங்களா டேபிள்’ என்ற சமையல் நூல் அந்த ருசியை உலகத்துக்குக் கொண்டுபோயிற்று. வீட்டுக்கு வீடு கையேட்டிலும் சமையல்காரர் நினைவிலும் மட்டுமே இருந்த பக்குவங்கள் அச்சேறியது சின்ன காரியமில்லை. அடுப்பு எரியாத வீட்டில் பக்குவம் இரண்டு தலைமுறைக்குமேல் தங்காது.

காசு வாங்கிக்கொண்டு விருந்து வைப்பது மரபுக்கு இழுக்கு என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தாரைப்போல் தங்குமிடம் நடத்திய சமூகம் தமிழ்நாட்டில் வேறில்லை. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம், இராமேசுவரத்தில் சத்திரம், யாத்திரை வழியெல்லாம் சத்திரம். அவை தர்மத்துக்கு. தொழிலுக்கு இன்னொன்று இருந்தது, கிட்டங்கி. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு கைப்பெட்டி, கணக்கு மேசை, சுருட்டி வைத்த பாய். பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. பல விலாசத்தார் ஒரே கூரையின் கீழ், வாடகையும் சமையல் செலவும் பங்கு போட்டு. முன்பின் தெரியாத ஊரில் அந்தக் கிட்டங்கியில் படுத்துச் சம்பாதித்த பணம்தான் கானாடுகாத்தானில் மாளிகையாக நின்றது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் விருந்தினர் விடுதி நடத்துவதில் என்ன குறைந்துவிடும்?

அதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. பொதுச் சொத்தைப் பல தலைமுறை கெடாமல் வைத்திருக்கும் வித்தை இவர்களுக்குத் தெரியாததல்ல. இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் ஒன்றைச் சேர்ந்தது. திருமணமான ஒவ்வொரு புள்ளிக்கும் புள்ளி வரி. காரியக்காரர்கள் முறை மாறி வருகிறார்கள், கணக்கை நகரத்தார் முன் ஒப்படைக்கிறார்கள். உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கில். இருந்தும் எந்தக் கோயிலும் பூட்டிக் கிடக்கவில்லை. கோயிலில் முடிந்தது வீட்டில் முடியாமல் போனதேன்? கோயிலுக்கு வரியும் கணக்கும் காரியக்காரரும் உண்டு. வீட்டுக்குச் சாவி மட்டும் உண்டு.

இந்த இடத்தில் வெகு தூரத்தில் டென்மார்க்கில் இருக்கும் ஓர் ஊரை நினைத்துப் பார்க்கிறேன். டென்மார்க்கின் பெருநிலக் குடும்பங்கள் நம் வழிக்கு நேர் எதிர்வழியில் போனவை. மாளிகையும் நிலமும் சிதறாமல் ஒரே வாரிசுக்குப் போகும்படி கட்டுச் சொத்தாக வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அநீதி, மாளிகைக்குப் பாதுகாப்பு. 1919-இல் அந்த முறையைச் சட்டம் முடித்துவைத்தது. சொத்தில் ஒரு பங்கையும் நிலத்தில் ஒரு பகுதியையும் அரசுக்குக் கொடுத்த பிறகே குடும்பம் அதைத் தனிச் சொத்தாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஒரு காலத்தில் குடும்பம் மட்டும் புழங்கிய பல மாளிகைகள் இன்று பள்ளியாக, கூட்ட அரங்காக, ஹோட்டலாக வாழ்கின்றன. ஜட்லாந்தின் கோல்டிங் நகரில் ஃபியார்டு கரையில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் உண்டு. கிறிஸ்துமஸ் முத்திரை விற்றுத் திரட்டிய பணத்தில் காசநோயுற்ற குழந்தைகளுக்காக 1911-இல் எழுந்த மருத்துவமனை. நோய் ஒழிந்தது, கட்டடம் ஹோட்டலாயிற்று. அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை.

நான் சொல்லவந்த ஊர் அதே கோல்டிங் நகராட்சிக்குள் இருக்கும் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்ட். 1773-இல் மொராவியச் சகோதர சபையினர் அமைத்தது. இணையாக ஓடும் இரண்டு தெருக்கள், நடுவில் கோயில் சதுக்கம், மஞ்சள் செங்கல் வீடுகள், சகோதரிகளுக்கு ஓர் இல்லம், கைம்பெண்களுக்கு ஓர் இல்லம், வந்து போகிறவர்களுக்கு ஒரு விடுதி. முக்கியக் கட்டடங்கள் சபையின் பொதுச் சொத்து. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் ஊர் கலையாமல் நிற்கிறது. 2015-இல் யுனெஸ்கோ உலக மரபிடம் ஆயிற்று. இந்தச் சபையினர் நமக்கு அந்நியருமல்லர். 1760-லேயே தரங்கம்பாடிக்கு வந்து, கோட்டைக்கு வெளியே தோட்டமும் தொழிற்கூடமுமாக நாற்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்துவிட்டுப் போனவர்கள். ஒரே வாரிசு என்றாலும் நிற்கும், எல்லோருக்கும் பொது என்றாலும் நிற்கும், பொதுவானதைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்தால். செட்டிநாட்டு வீடு எல்லோருக்கும் பொது. அமைப்பைத்தான் காணோம்.

செட்டிநாட்டில் நிற்கும் வீடுகள் பல ஆயிரம். விடுதிகளாகியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எல்லா வீட்டையும் ஹோட்டலாக்கிவிடலாம் என்று சொல்பவர் ஏப்ரல், மே வெயிலில் கானாடுகாத்தான் தெருவில் நடந்து பார்க்கவேண்டும். கூட்டம் வருவது மழை ஓய்ந்து மார்ச் வரைதான். சினிமாப் படப்பிடிப்பு வருமானம் தரும், சுவரில் ஆணியும் அடிக்கும். மாநில அரசு 2012-இல் மரபு ஆணையச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்குமேல் ஆனது. சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம், ஓடு மாற்றித் தராது. ஆகவே சில வீடுகள் விடுதியாகட்டும், சில நூலகமாகட்டும், சில கைவினைப் பள்ளியாகட்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த புத்தகங்கள் 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அந்த ஊரிலேயே ஒரு பெரிய வீடு அதற்குக் கிடைத்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. மற்ற வீடுகள் வீடாகவே இருக்கட்டும். எப்படியிருந்தாலும் முதலில் தேவை பங்காளிகளுக்குள் ஓர் எழுத்து.

நகரத்தார் எழுத்துக்கு அஞ்சாதவர்கள். திருமணத்தில் இரு வீட்டாரும் இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த காரியம். மொய்க்கு ஏடு, முறைக்குச் சிட்டை. வீட்டுக்கும் அப்படி ஒன்று எழுதலாம். குடும்பமே ஓர் அறக்கட்டளையாகலாம், அல்லது குறிப்பிட்ட காலக் குத்தகைக்கு ஒருவரிடம் விடலாம். உரிமை எல்லோரிடமும் இருக்கட்டும், நிர்வாகம் மூன்று பேரிடம், மூன்றாண்டுக்கொரு முறை மாறி. புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டு வரி. கொடுக்காதவர் பங்கை இழக்கவேண்டாம், வருமானத்தில் மட்டும் கழித்துக்கொள்ளலாம். சுவரில் சிமென்ட் படக் கூடாது, தூண் விற்கக் கூடாது. படைப்பு, பிள்ளையார் நோன்பு, குடும்பத் திருமண நாள்களில் விருந்தினருக்கு அறை இல்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும், ஐப்பசி மழைக்கு முன்னால், கூரை ஏறி ஓடு பார்ப்பவர் யார், அவர் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதும் அதில் இருக்கவேண்டும். எல்லோரும் ஊருக்கு வருகிற அடுத்த படைப்பன்று, சாப்பிட்டு எழுந்ததும் வளவில் உட்கார்ந்து இதை எழுதிவிடலாம்.